எடை அட்டையின் பின்பக்கம்

எனக்கு வந்தது காசநோய். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அரியலூரில் ஆறு மாதம் நான் அதைச் சளி என்றும், சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் தூசு என்றும், சாக்பீஸ் பொடி ஒத்துக்கொள்ளவில்லை என்றும் சொல்லியே ஓட்டிவிட்டேன். பிளஸ் டூ வந்த புதிது. நான் இயற்பியல் ஆசிரியர். பொய்யைக்கூடக் காரணகாரியத்தோடு சொல்ல வரும்.

ஒரு திங்கட்கிழமை கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது இருமல் வந்து கைக்குட்டை சிவந்துவிட்டது. வகுப்பு முழுக்கப் பார்த்தது. அன்று சாயந்திரமே என் மனைவி லூர்து பையில் துணிமணி எடுத்து வைத்துவிட்டாள். "தூசாம் தூசு" என்றாள்.

பெரம்பலூர் பக்கத்தில் கன்னியர்கள் நடத்திய மருத்துவமனை அது. வெளியே நீளமான பெஞ்சில் இருபது பேர் உட்கார்ந்திருந்தோம். எல்லோர் வாயிலும் துணி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. தெரிந்தவர் யாராவது இருந்துவிடுவார்களோ என்ற பயம் அவ்வளவு பேருக்கும் இருந்தது. மூன்று நாள் காலையில் எழுந்ததும் வரும் சளியைச் சின்ன டப்பியில் பிடித்துக் கொடுக்கச் சொன்னார்கள். அதைக் கண்ணாடித் துண்டில் தடவிச் சாயம் போட்டுப் பார்த்தால், கிருமி இருக்கிற பட்சத்தில் சிவப்புக் குச்சி குச்சியாகத் தெரியுமாம். எனக்குத் தெரிந்தது. நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வலது நுரையீரலின் மேல்பக்கம், எட்டணாக் காசு அகலத்தில் ஒரு வட்டம்.

"இது ஓட்டை சார்" என்றார். "கிருமி அரிச்ச எடம். ஊசியும் மாத்திரையும் கிருமியைக் கொன்னுடும். ஆனா ஓட்டையை அடைக்கறது ஊசி இல்ல, ஒங்க ஒடம்பு. ஒடம்புக்குச் சாப்பாடு வேணும். அது அடையலைன்னா தஞ்சாவூருக்கு அனுப்பி அந்தப் பகுதியை வெட்டி எடுக்க வேண்டி வரும்."

"எடுத்தா இவங்க நின்னு பாடம் நடத்தலாமாங்க?" என்று லூர்து கேட்டாள்.

டாக்டரம்மா படத்தை உறைக்குள் போட்டார். "எடுக்காம இருக்கப் பாப்போம்" என்றார். அன்று எனக்கு நாற்பத்து நான்கு கிலோ. கல்யாணத்தின்போது ஐம்பத்தெட்டு.

ஆண்கள் வார்டில் பன்னிரண்டு கட்டில். காலையில் ஊசி, பிறகு ஒரு டம்ளர் பால், ஓட்டோடு ஒரு அவித்த முட்டை. சாயந்திரம் நாலு மணிக்குக் காய்ச்சல் சொல்லிவைத்தாற்போல் வரும். சனிக்கிழமை எடை. கட்டிலின் கால்மாட்டில் ஒரு அட்டை தொங்கும். முன்பக்கம் காய்ச்சலும் எடையும் எழுதியிருக்கும், பின்பக்கம் வெறுமை. பக்கத்துக் கட்டிலில் கலியபெருமாள். செட்டிகுளத்தில் காடு தோட்டமெல்லாம் உள்ளவர், வெங்காயம் போடுகிறவர். எனக்கு முன்பே வந்து சேர்ந்தவர். வாய் ஓயாது.

என் அப்பா அந்தப் பக்கத்துக் காடுகளில்தான் கூலிக்கு வெங்காயம் பிடுங்கினார். தண்ணீர் கேட்டால் இரண்டு கையையும் சேர்த்துக் குவித்துக்கொள்ள வேண்டும், மேலேயிருந்து ஊற்றுவார்கள். இதைக் கலியபெருமாளிடம் நான் சொல்லவில்லை. என் பேரைக் கேட்டதும் அவருக்குத் தெரிந்திருக்கும். ஆரோக்கியசாமி என்றால் எங்கள் பக்கத்தில் வேறு விளக்கம் தேவையில்லை.

இரண்டு வாரத்தில் காய்ச்சல் இறங்கியது. லூர்து புதனும் ஞாயிறும் அரியலூரிலிருந்து பஸ் ஏறி வருவாள். வளர்த்த நாலு கோழியின் முட்டையை அவித்துக் கொண்டுவருவாள், கூடவே தாளித்த தயிர்சாதம். ஒருநாள் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனால் விரலில் ஒரு கடுகு ஒட்டியிருந்தது. கடுகளவு விசுவாசம் இருந்தால் மலையும் நகரும் என்று ஆண்டவர் சொன்னது ஞாபகம் வந்தது. சின்ன வயதிலிருந்து கேட்டுவரும் வார்த்தை. கூடவே, வருஷா வருஷம் நான் கேட்கும் கேள்வியும் ஞாபகம் வந்தது: நிறை, ஆற்றல் சமன்பாட்டை எழுதி விளக்குக. இரண்டு மார்க்.

பென்சிலை எடுத்து அட்டையின் பின்பக்கம் எழுதினேன். E = mc². ஒரு பொருளின் நிறையை ஒளியின் வேகத்தால் ஒரு தடவை, மறுபடியும் ஒரு தடவை பெருக்கினால், அந்தப் பொருளுக்குள் அடைந்து கிடக்கும் ஆற்றல் எவ்வளவு என்று தெரிந்துவிடும். கடுகுக்கு இரண்டு மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டேன். போட்டுப் பார்த்தால் ஐம்பதாயிரம் யூனிட் மின்சாரம் வந்தது. தப்பாகப் போட்டுவிட்டேன் என்று நினைத்து இரண்டாம் முறை போட்டேன். அதே ஐம்பதாயிரம்.

"என்னங்க சார், யாருக்கு ஜாதகம் கணிக்கிறீங்க?" என்றார் கலியபெருமாள்.

விஷயத்தைச் சொன்னேன்.

"இந்தக் கடுகுக்குள்ளயா?"

"கடுகுல மட்டும் இல்ல. எதை எடுத்தாலும் அதுக்குள்ள."

"எங்கூட்டு மோட்டாரு அஞ்சு எச்பிங்க. இத வச்சி எத்தினி நாளு ஓட்டலாம்?"

கணக்குப் போட்டேன். "நாளைக்கு ஆறு மணி நேரம் ஓட்டினா ஆறு வருஷம் வரும்."

"ஆறு மணி நேரம் கரண்டு வுட்டான்னா நான் ஏன் சார் கடுகு பின்னாடி சுத்தறேன்" என்று சிரித்துவிட்டு அப்புறம் அந்தக் கடுகையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத எடுக்க முடியுங்களா?"

"முடியாது. வழி தெரியாது. ஆனா உள்ள இருக்கு."

பழைய எஸ்.எஸ்.எல்.சி. காலத்திலிருந்து பதினோரு வருஷம் நடத்திய பாடம். அன்றுதான் அதைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். மூன்றே எழுத்து, மேலே ஒரு சின்ன இரண்டு. ஒரு பக்கம் கையால் தொடக்கூடிய பொருள், மறுபக்கம் கண்ணுக்கே தெரியாத ஆற்றல். இரண்டையும் சேர்த்துவைப்பது ஒளி. படைப்பில் முதலில் வந்தது என்று சின்ன வயதில் கோயில் ஞானோபதேச வகுப்பில் படித்த அதே ஒளி. சமன்பாட்டைக் கண்டவருக்கு இந்த நினைப்பெல்லாம் இருந்திருக்காது. ஆற்றல் என்பது ஆவி இல்லை, அதுவும் எனக்குத் தெரியும். இரண்டையும் குழப்பிப் பிரசங்கம் செய்கிறவர்களைக் கண்டால் எனக்கே எரிச்சல் வரும். ஆனாலும் அட்டையைப் பார்க்கப் பார்க்க மனசு நிறைந்தது. உலகத்தை உண்டாக்கியவர் இவ்வளவு சுருக்கமாக எழுதுவாரா என்று தோன்றி, கண்ணில் நீர் வந்துவிட்டது. காய்ச்சலா என்று கலியபெருமாள் கேட்டார். ஆமாம் என்றேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான் நான் தப்புப் பண்ணினேன்.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று சாமியார் வார்டுக்கே வந்து எங்கள் இரண்டு மூன்று பேர் நெற்றியில் சாம்பல் பூசினார். "நோயாளிகளுக்கு ஒருசந்தி நோன்பு கிடையாது, நல்லா சாப்பிடுங்க" என்று தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் போனார். நான் தலையை ஆட்டினேன். அதற்குள் மனசுக்குள் பேரம் முடிந்திருந்தது. நாற்பது நாளும் மத்தியானம் மட்டும் முழுச் சாப்பாடு. என் அப்பா காலத்துக் கண்டிப்புப்படி முட்டை, பால் எதுவும் தொடுவதில்லை. தவக்காலத்தில் ஞாயிற்றுக்கிழமை கணக்கில் சேராது, அதையும் சேர்த்துக்கொள்கிறேன். ஆண்டவரே, நீர் அந்த ஓட்டையை அடைத்துவிடும். இதற்குச் சமன்பாட்டையும் சாட்சிக்கு இழுத்தேன். விறகு குறையக் குறையத்தானே தீ எரிகிறது? உடம்பைக் குறைத்தால் உள்ளே இருப்பது வெளியே வரும். அட்டையின் பின்பக்கம் பென்சிலால் ஒரு வரி சேர்த்தேன்: m குறையக் குறைய E கூடும்.

முட்டையைக் கலியபெருமாளிடம் நீட்டினேன். "எனக்குச் செரிக்க மாட்டேங்குது. வீணாப் போகுது, நீங்க சாப்பிடுங்க."

அவர் ஒரு நிமிஷம் தயங்கினார். ஓட்டோடு இருக்கிற முட்டைதானே என்று நினைத்திருப்பார், வாங்கிக்கொண்டார். நாலைந்து நாளில் பாலையும் என் டம்ளரிலிருந்து தன் டம்ளரில் ஊற்றிக்கொள்ள ஆரம்பித்தார். காலைக் கஞ்சியிலும் ராத்திரிச் சாப்பாட்டிலும் பாதிக்கு மேல் அவர் தட்டுக்குத்தான் போயிற்று. லூர்து வைத்துவிட்டுப் போகும் முட்டையும் அவருக்கே. இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் அப்பாவுக்கு மேலேயிருந்து தண்ணீர் ஊற்றிய ஊர்க்காரர் என் கையிலிருந்து வாங்கிச் சாப்பிடுவது எனக்கு இனித்தது. முட்டையைவிட அது ருசி. தவம் என்று நான் பேர் வைத்ததில் பாதி அதுதான்.

எடை, சாம்பல் புதனுக்கு முன்னால் நாற்பத்தாறுக்கு ஏறியிருந்தது. அடுத்த சனிக்கிழமை நாற்பத்தைந்தரை. அப்புறம் நாற்பத்தைந்து. அப்புறம் நாற்பத்து நாலரை. அடுத்த வாரமும் அதேதான். அப்புறம் நாற்பத்து நாலு, வந்து சேர்ந்த நாளில் இருந்த இடத்துக்கே. டாக்டரம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. மறுபடி சளியைப் பார்த்தார். புது எக்ஸ்ரே எடுத்தார். ஓட்டை அப்படியே இருந்தது.

அடுத்த நாள் ஞாயிறு. லூர்து வந்தபோது அவளை நிற்கவைத்துச் சொன்னார்: "மருந்து ஏத்துக்கலைன்னு நெனைக்கறேன். ஈஸ்டர் வரைக்கும் பாப்போம். எடை ஏறலைன்னா தஞ்சாவூருக்குக் கடிதம் எழுதிடறேன்."

லூர்து கட்டிலோரம் வந்து உட்கார்ந்தாள். கூடையைத் திறக்கக்கூட இல்லை. நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் வாத்தியார் வாய், சங்கடமான இடத்தில் பாடம் நடத்தத்தான் போகும். கலியபெருமாள் வேறு பரிதாபப்பட்டு, "ஒடம்புல இருக்கறதெல்லாம் எங்கதாங்க போவுது சார்?" என்று கேட்டுவிட்டார். எடுத்துவிட்டேன்.

"உலகத்துல எதுவும் இல்லாமப் போகாது. ஒரு எடத்துல கொறஞ்சா இன்னொரு எடத்துல கூடியிருக்கும். அதுதான் விதி."

கலியபெருமாள் எழுந்தார். என் அட்டையைத் திருப்பி முன்பக்கத்தைப் பார்த்தார். தன் அட்டையைப் பார்த்தார். அவருக்கு நாற்பத்தொன்பது ஐம்பத்து மூன்றாகியிருந்தது. விரல்விட்டு ஏதோ எண்ணினார். முகம் மெல்ல வெளிறியது.

"அப்பன்னா ஒங்களுது எங்கிட்ட வந்துடுச்சுங்க சார்."

"என்னது வந்துடுச்சு?" என்றாள் லூர்து.

"முட்டைங்க தங்கச்சி. பாலு. செரிக்கலன்னாரு, நானும் நெசம்னு..." அவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

லூர்து என்னைப் பார்த்தாள். நான் தவக்காலம் என்று ஆரம்பித்தேன். அவள் விடவில்லை.

"ஆண்டவரு ஒங்ககிட்ட வந்து முட்டை கேட்டாரா? கேட்டாராங்கறேன். வூட்டுல ரெண்டு புள்ளைங்க, ஒரு முட்டை வாயில வெக்காம அவிச்சுக் கொண்டாறேன். அப்பாவுக்குன்னு சொன்னா ரெண்டும் வாயத் தொறக்கறதில்ல. அதுங்களத்தான் நீங்க ஒருசந்தி இருக்க வெச்சீங்க. ஒங்கள இல்ல."

அழாமல்தான் சொன்னாள். நான்தான் அழுதேன். என் தவத்தில் அதுவரை ஆண்டவரும் நானும் மட்டுமே இருந்தோம். என் பிள்ளைகளும் இருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது.

"எங்க ஊரு மலை மேல நிக்கிற முருகன் கையில கரும்புதாங்க வெச்சிருப்பாரு" என்றார் கலியபெருமாள் மெதுவாக. "நாங்களும் விரதம் இருக்கறவங்கதான். அதுக்குன்னு நோவுல படுத்தவன் பட்டினி கெடந்தா சாமி கோவிச்சுக்குங்க சார்."

செய்தி டாக்டரம்மாவுக்குப் போக எவ்வளவு நேரமாகும்? கால் மணியில் வந்துவிட்டார். திட்டப் போகிறார் என்று எதிர்பார்த்தேன். அட்டையை எடுத்தார், பின்பக்கம் திருப்பினார், நின்றபடியே முழுக்கப் படித்தார். கடுகு, ஐம்பதாயிரம் யூனிட், அஞ்சு எச்பி மோட்டார், கடைசியில் அந்த வரி.

"சார், நானும் பியூசியில் பிசிக்ஸ் படிச்சவதான். இது சமக்குறிதானே?"

"ஆமாங்க டாக்டர்."

"அப்ப இந்தப் பக்கம் கொறஞ்சா அந்தப் பக்கம் எப்படி சார் கூடும்?"

காய்ச்சல் குறிக்கிற சிவப்பு மைப் பேனாவைத் திறந்தார். என் வரியின் மேல் பெரிதாக ஒரு பெருக்கல் போட்டார். பக்கத்தில் இரண்டுக்குப் பூஜ்யம் என்று மார்க்கும் போட்டு அட்டையைக் கால்மாட்டிலேயே தொங்கவிட்டுப் போய்விட்டார்.

எத்தனை பேருக்குப் பூஜ்யம் போட்டவன் நான். இதே வரியை ஒரு மாணவன் எழுதியிருந்தால் விடைத்தாளை எல்லோருக்கும் காட்டிச் சிரித்திருப்பேன். மறுநாளும் அதற்கு மறுநாளும் அந்த அட்டையை எடுத்து எடுத்துப் பார்த்தேன். எரிகிற விறகுக்கு விளக்கம் வேறு. சமன்பாடு சொன்னது எளிய விஷயம்: m குறைந்தால் E-யும் அதே விகிதத்தில் குறையும். இரண்டும் எதிரிகள் இல்லை. ஒன்றை அடித்துப்போட்டு மற்றதை எழுப்ப முடியாது. உடம்பு என்பது உமி, ஆன்மாதான் அரிசி என்று நான் எங்கேயோ கற்றுக்கொண்டிருந்தேன். ஆனால் நான் கும்பிடுகிற கடவுள் உடம்பெடுத்து வந்தவர். பசித்தவர், களைத்துப் படகில் தூங்கியவர், உயிர்த்தெழுந்த பிறகும் சிநேகிதர்களிடம் சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு வாங்கித் தின்றவர். போகும்போது அவர் விட்டுப்போனதுகூட, பூசையில் நாங்கள் வாங்கும் ஒரு துண்டு அப்பம், எடை பார்த்தால் கால் கிராம் தேறாது. இவ்வளவுக்குப் பிறகும் நான் அவரிடம் போய், இந்த உடம்பு எதற்கு ஆண்டவரே என்று கேட்டிருக்கிறேன். சமக்குறியின் அந்த இரண்டு கோடும் ஒரே நீளமாக, ஒன்று பெரிது ஒன்று சிறிது என்றில்லாமல் கிடப்பது எவ்வளவு அழகு என்று அப்போதுதான் தெரிந்தது.

தெரிந்ததும் முட்டை இறங்கிவிடுமா? முதல் நாள் தொண்டையில் நின்றது. ஐந்து வாரம் காய்ந்த வயிறு பாலைத் திருப்பி அனுப்பியது. சிஸ்டர் பக்கத்தில் நின்று ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தார். கலியபெருமாள் என் கட்டில் பக்கம் திரும்பாமலே இருந்தார். பேச்சும் குறைந்துவிட்டது. குற்றவாளி நான், வெட்கப்பட்டவர் அவர். அதைத் தாங்குவதுதான் ஊசியைவிடக் கஷ்டமாக இருந்தது. அடுத்த சனிக்கிழமை, ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிற்றுக்கு முதல் நாள், எடை நாற்பத்து நாலு. ஏறவில்லை, இறங்கவும் இல்லை.

பெரிய வெள்ளி வந்தது. வருஷத்தில் வேறு எந்த நாளில் தின்றாலும் தின்னலாம், அந்த ஒரு நாள் எங்கள் வீட்டில் அடுப்பே மூட்ட மாட்டார்கள். விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் ஒருசந்தி இல்லாமல் இருந்ததில்லை. காலையில் பால் வந்தது, முட்டை வந்தது. சாமியார் சொன்னது தெரியும், டாக்டரம்மா சொன்னது தெரியும், சமக்குறியும் தெரியும். ஆனாலும் கை எழவில்லை. தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"இன்னிக்குத்தானுங்களே ஒங்க சாமி செத்த நாளு?" என்றார் கலியபெருமாள். பல நாள் கழித்து அவராகப் பேசிய முதல் பேச்சு.

"ஆமா."

"இன்னிக்கு நீங்க சாப்புடக் கூடாது."

"சாப்பிட்டுத்தான் ஆகணும்."

அவர் தன் முட்டையை எடுத்துக் கட்டில் சட்டத்தில் தட்டினார். வெங்காயம் உரித்துப் பழகிய விரல்களால் ஓட்டைத் துளி மிச்சமில்லாமல் உரித்தார். எழுந்து வந்து அதை என் தட்டில், என் முட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். வெள்ளையாக, அவருடைய விரல் ஈரத்தோடு.

"ஒங்களுக்குப் பதிலா இன்னிக்கு நான் இருக்கேங்க சார். எனக்கு ஒடம்பு தேறிப்போச்சு, அடுத்த வாரம் வூட்டுக்கு அனுப்பறாங்க. ஒரு பொழுது இருந்தா ஒண்ணும் ஆவாது. நீங்க சாப்புடுங்க."

ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர். அந்த நாளுக்கு அதைவிட வேறு என்ன அர்த்தம் இருக்கிறது? நாற்பது நாளில் எனக்குப் பிடிபடாதது, சாமியார் பிரசங்கத்திலும் பிடிபடாதது, ஒரு உரித்த முட்டையாக என் தட்டில் இருந்தது. என் அப்பா நினைவுக்கு வந்தார். குவித்த இரண்டு கை நினைவுக்கு வந்தது. எனக்கு அழுகை அடங்கவே இல்லை. அழுதுகொண்டே அவருடைய முட்டையைத்தான் முதலில் தின்றேன். அது தொண்டையில் நிற்காமல் இறங்கியது.

மறுநாள் சனிக்கிழமை. நாற்பத்து நாலரை. டாக்டரம்மா எண்ணை இரண்டு முறை பார்த்துவிட்டு, "தஞ்சாவூர்க் கடிதத்தைக் கிழிச்சுப் போட்டுடறேன்" என்று மட்டும் சொன்னார். ஓட்டை முழுசாக மூட அப்புறமும் ஏழு மாதம் ஆயிற்று. மாத்திரை அதற்கு மேலும். இப்போது நின்றுகொண்டுதான் பாடம் நடத்துகிறேன்.

எடை போட்டுத் திரும்பி வந்ததும் அட்டையைக் கழற்றி ரப்பரால் என் தப்பு வரியை அழித்தேன். டாக்டரம்மாவின் சிவப்புப் பெருக்கலும் பூஜ்யமும் அழியவில்லை. மை அல்லவா, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதற்குக் கீழே இருந்த இடத்தில் மறுபடி எழுதினேன், E = mc², வேறு ஒன்றும் சேர்க்காமல்.

கலியபெருமாள் எட்டிப் பார்த்தார். "இப்ப சரியாங்க சார்?"

"இப்ப சரி."

"அப்பன்னா அந்தப் பாலையும் குடிச்சிடுங்க" என்றார்.